நீலகிரித் தைலம் மூக்கைத் திறக்கிறதா?

ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய், மறுபக்கம் ஒரு சொட்டு நீலகிரித் தைலம். கலப்பில்லாத தைலமாக இருக்க வேண்டும். இரண்டும் தாளில் ஊறி, வெளிச்சம் ஊடுருவும் வட்டமாகப் பரவும். தாளை மின்விசிறிக்குக் கீழே வைத்துவிட்டு, ஓரிரு மணி நேரம் கழித்து வந்து பாருங்கள். தேங்காய் எண்ணெயின் வட்டம் அப்படியே இருக்கும். அடுத்த வாரமும் இருக்கும். தைலம் விழுந்த இடத்தில் மட்டும் ஏறக்குறைய பழைய வெள்ளைத்தாளே இருக்கும். அறையில் மணம் பரவியிருக்கும்.

இரண்டையும் நாம் எண்ணெய் என்றே சொல்கிறோம். வேதியியல் அப்படிச் சொல்வதில்லை. தேங்காய் எண்ணெய் கொழுப்பு. அதன் மூலக்கூறுகள் பெரியவை, கனமானவை. அறை வெப்பநிலையில் காற்றில் பறக்காது. நீலகிரித் தைலத்தின் மூலக்கூறுகள் சிறியவை. திரவத்தை விட்டு எளிதாகக் கிளம்பிக் காற்றோடு கலந்து நம் மூக்குக்குள் நுழைந்துவிடும். இவ்வகை எண்ணெய்களைத்தான் நறுமண எண்ணெய் அல்லது ஆவியாகும் எண்ணெய் என்கிறோம். சில பொருள்களின் உறையிலும் மொழிபெயர்ப்புகளிலும் இதை ‘அத்தியாவசிய எண்ணெய்’ என்று எழுதியிருப்பார்கள். இது தவறு. ஆங்கிலப் பெயரில் வரும் அந்தச் சொல்லுக்கு இங்கே ‘கட்டாயம் தேவையானது’ என்ற பொருள் இல்லை. ‘தாவரத்தின் சாரம்’ என்ற பொருளில் வந்தது. உடலுக்கு இன்றியமையாத கொழுப்பு அமிலங்கள் உண்டு, இன்றியமையாத அமினோ அமிலங்கள் உண்டு. இன்றியமையாத தைலம் என்று ஒன்றும் இல்லை.

நம் வீடுகளில் இந்தத் தைலம் இல்லாத வீடு குறைவு. சளிக்கு நெஞ்சில், தலைவலிக்கு நெற்றியில், வாயுவுக்கு வயிற்றில், கொசுக்கடிக்குக் காலில் என்று ஒரே குப்பி எல்லாவற்றுக்கும் போகிறது. அதனால் இந்த வாரம் அந்தக் குப்பிக்குள் என்ன இருக்கிறது, அது உண்மையில் என்ன செய்கிறது, எங்கே ஆபத்தாகிறது என்று பார்ப்போம்.

ஆஸ்திரேலிய மரம், தமிழ்ப் பெயர்

பெயரில் நீலகிரி இருந்தாலும் மரம் நீலகிரியைச் சேர்ந்தது அல்ல. தைலத்துக்குப் பெயர்பெற்ற யூகலிப்டஸ் குளோபுலஸ் என்ற இனத்தின் தாயகம் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவும் விக்டோரியாவும். யூகலிப்டஸ் என்றால் கிரேக்க மொழியில் ‘நன்றாக மூடப்பட்டது’ என்று பொருள். பூ மொட்டின் மேல் ஒரு சிறு மூடி இருக்கும். பூக்கும்போது அது கழன்று விழும். 1777-இல் கேப்டன் குக்கின் மூன்றாம் கடற்பயணத்தின்போது டாஸ்மேனியாவில் சேகரித்த ஒரு மாதிரியை வைத்து, லெரித்தியே என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் இந்தப் பெயரைச் சூட்டினார். இப்பேரினத்தில் இன்று எழுநூறுக்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன.

ஆஸ்திரேலியப் பழங்குடியினர் இந்த இலைகளைக் காய்ச்சலுக்கும் காயத்துக்கும் பன்னெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்தவர்கள். அங்கே குடியேறிய ஐரோப்பியர்கள் இலையை வடித்து எண்ணெய் எடுத்தார்கள். 1850களில் ஜோசப் பொசிஸ்டோ என்ற மருந்தாளர், தாவரவியலாளர் ஃபெர்டினாண்ட் வான் முல்லர் தந்த ஊக்கத்தில், விக்டோரியாவில் வணிக அளவில் உற்பத்தியைத் தொடங்கினார்.

நீலகிரிக்கு மரம் போனது 1840களில். மலையில் குடியேறிய ஆங்கிலேயர்களுக்குக் குளிர்காய விறகு வேண்டியிருந்தது. சோலைக்காடுகளை வெட்டித் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். வேகமாக வளரும் மரம் ஒன்று தேவைப்பட்டது. அந்த மலையின் குளிரும் உயரமும் குளோபுலஸுக்கு ஒத்துப்போயின. விறகு போக மிஞ்சிய இலையில் தைலம் வடித்தார்கள். ஊட்டிக்குப் போய்வருபவர்கள் குப்பி குப்பியாக வாங்கி வந்தார்கள். மரத்துக்கே தமிழில் ‘தைல மரம்’ என்று பெயர் வந்துவிட்டது. இதில் மலைக்கு நேர்ந்த இழப்பும் உண்டு. நீலகிரியின் புல்வெளிகள் பல, இந்த மரத்துக்கும் சீகை மரத்துக்கும் இடம்கொடுத்து மறைந்தன. அது தனிக் கட்டுரைக்குரிய கதை.

மலேசியாவில் இன்னொரு பெயரும் சேர்ந்துகொள்கிறது. இங்கே விற்கும் யூகலிப்டஸ் தைலக் குப்பிகளில் மலாயில் ‘மிஞாக் காயு பூத்தே’ என்று போட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். காயு பூத்தே என்றால் வெள்ளை மரம். சரியாகச் சொன்னால் அது வேறு மரம்: பட்டை தாள்தாளாக உரியும் கெலாம் மரத்தின் இனம். கிளந்தான், திரங்கானு கடற்கரையோரச் சதுப்புகளில் கெலாம் காடுகளைப் பார்க்கலாம். சிங்கப்பூரின் கம்போங் கிளாம் இந்த மரத்தால்தான் அந்தப் பெயரைப் பெற்றது. இரண்டு மரங்களின் எண்ணெயிலும் முதன்மையான வேதிப்பொருள் ஒன்றாகவே இருப்பதால், கடைக்காரரும் வாங்குபவரும் பெயரைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். நம் வீட்டுக் கொய்யாவும் ஜம்பு ஆயரும் கிராம்பும் அதே குடும்பம்தான். ஒரு கொய்யா இலையைப் பறித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கைக்கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது. ஊசியால் குத்தியது போன்ற ஒளிப்புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். கசக்கினால் சுரப்பி உடைகிறது, மணம் வருகிறது. பூச்சி கடித்தாலும் இதேதான் நடக்கிறது. மரம் இந்த எண்ணெயை நம் சளிக்காகச் சேர்த்து வைக்கவில்லை. தன்னைத் தின்ன வருகிற உயிர்களை விரட்டச் சேர்த்து வைத்திருக்கிறது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

177 டிகிரியில் கொதிப்பது 100-க்குக் கீழே எப்படி வருகிறது?

படிவம் நான்கு, ஐந்து மாணவர்களுக்கு இந்தப் பகுதி. மற்றவர்களும் படிக்கலாம், கணக்கு சிறியதுதான்.

நீலகிரித் தைலத்தின் முக்கியப் பொருள் சினியோல். யூகலிப்டால் என்றும் பெயர். ஒரு மூலக்கூறில் 10 கார்பன் அணுக்கள், 18 ஹைட்ரஜன் அணுக்கள், 1 ஆக்சிஜன் அணு. மூலக்கூறு நிறை 154. கொதிநிலை சுமார் 177 டிகிரி செல்சியஸ். ஆனால் ஊட்டியில் தைலம் காய்ச்சுபவர் அடுப்பை 177 டிகிரிக்குக் கொண்டுபோவதில்லை. பெரிய கொப்பரையில் இலையை நிரப்பி, நீராவியைச் செலுத்துகிறார். எண்ணெய் 100 டிகிரிக்கும் சற்றுக் குறைவான வெப்பத்திலேயே நீராவியோடு சேர்ந்து வெளியேறுகிறது. எப்படி?

ஒரு திரவம் எப்போது கொதிக்கிறது? அதன் ஆவியழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தை எட்டும்போது. கடல்மட்டத்தில் அது 760 மில்லிமீட்டர் பாதரசம். நீரும் எண்ணெயும் ஒன்றோடொன்று கலவா. கலவாத இரண்டு திரவங்கள் ஒரே பாத்திரத்தில் இருந்தால், ஒவ்வொன்றும் மற்றது இல்லாதது போலவே தன் முழு ஆவியழுத்தத்தைத் தரும். இரண்டையும் கூட்டி 760 வந்தால் போதும், கலவை கொதிக்கும். 97, 98 டிகிரி அளவில் நீர் ஏறத்தாழ 700 தருகிறது, எண்ணெய் ஏறத்தாழ 60 தருகிறது. கூட்டினால் 760. ஆகவே எண்ணெய் தனியாகக் கொதிக்க 177 டிகிரி வேண்டுமென்றாலும், நீரோடு சேர்ந்தால் 100-ஐத் தொடும் முன்பே கிளம்பிவிடுகிறது.

‘ஐயா, 700-க்கு 60 என்றால் எண்ணெய் மிகக் குறைவாகத்தானே வரும்?’ என்று வகுப்பில் யாராவது கேட்பார்கள். நல்ல கேள்வி. இந்த விகிதம் மூலக்கூறுகளின் எண்ணிக்கைக்கு உரியது, எடைக்கு உரியது அல்ல. நீர் மூலக்கூறின் நிறை 18. சினியோலின் நிறை 154. 700-ஐ 18-ஆல் பெருக்கினால் 12,600. 60-ஐ 154-ஆல் பெருக்கினால் 9,240. எடையில் பார்த்தால் வடிநீரில் பத்தில் நான்கு பங்கு எண்ணெயாக இருக்கலாம்! கொப்பரையில் இந்த அளவு கிடைப்பதில்லை. எண்ணெய் இலைச் சுரப்பிக்குள் அடைபட்டிருப்பதால் மெல்லத்தான் வெளியே வரும். ஆனால் நீராவி வடிப்பு ஏன் இவ்வளவு திறமையான முறை என்பது இந்தக் கணக்கில் விளங்கும். மென்மையான மணப்பொருள்கள் அதிக வெப்பத்தில் சிதைந்துபோகாமல் தப்பிப்பதும் இதனால்தான். ஊட்டி 2,200 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்றழுத்தம் இன்னும் குறைவு. கொதிப்பும் இன்னும் குறைந்த வெப்பத்திலேயே நடக்கும்.

குளிர்ந்து வரும் திரவத்தில் எண்ணெய் மேலே மிதக்கும். அதன் அடர்த்தி சுமார் 0.92. அதைப் பிரித்தெடுத்தால் தைலம் தயார். நூறு கிலோ பச்சை இலையிலிருந்து ஒன்று அல்லது இரண்டு கிலோ தைலம்தான் கிடைக்கும். மருந்தியல் நூல்கள் ஏற்கும் நீலகிரித் தைலத்தில் சினியோல் 70 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. அதாவது நாம் கையில் வைத்திருக்கும் சிறு குப்பி, சில கிலோ இலையில் பரவிக் கிடந்த பொருளின் செறிவு. ‘இலைதானே, என்ன செய்துவிடப் போகிறது’ என்று பேசுபவர்கள் இந்த விகிதத்தை யோசிப்பதில்லை.

எல்லா யூகலிப்டஸும் ஒன்றல்ல. எலுமிச்சை மணம் வீசும் இனத்தில் சினியோல் மிகக் குறைவு. சிட்ரொனெல்லால் என்ற வேறு பொருளே அதிகம். குப்பியை வாங்கும்போது எந்த இனம் என்று பார்ப்பது நல்லது.

கெட்ட காற்றும் நல்ல மணமும்

மணத்தால் நோயைப் போக்கலாம் என்ற எண்ணம் பழையது. நோயே கெட்ட காற்றால் வருகிறது என்று ஐரோப்பாவில் நெடுங்காலம் நம்பினார்கள். மலேரியா என்ற பெயரே இத்தாலிய மொழியில் ‘கெட்ட காற்று’. சதுப்பிலிருந்து எழும் நாற்றம் காய்ச்சலைக் கொண்டுவருகிறது என்றால், நல்ல மணம் வீசும் மரத்தை நட்டால் காய்ச்சல் போக வேண்டும் அல்லவா? 19-ஆம் நூற்றாண்டில் யூகலிப்டஸை ‘காய்ச்சல் மரம்’ என்று சொல்லி உலகெங்கும் நட்டார்கள். ரோம் நகருக்கு அருகே ட்ரே ஃபொன்டானே மடத்துத் துறவிகள் நட்ட மரங்கள் பெயர்பெற்றவை. யூகலிப்டஸ் நட்ட சில இடங்களில் சதுப்பு வற்றியது உண்மை. மணத்தால் அல்ல, அந்த மரத்தின் வேர் நீரை உறிஞ்சித் தள்ளுவதால். 1897-இல் ரொனால்ட் ராஸ் செக்கந்தராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்ட பிறகுதான், நாற்றத்துக்கும் நோய்க்கும் இடையில் இருந்தது எது என்று தெரிந்தது.

பின்னர் ரெனே மோரிஸ் கட்ஃபொஸே என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1937-இல் வெளியிட்ட நூலின் தலைப்பில் ‘அரோமாதெரபி’ என்ற சொல்லைப் பயன்படுத்தினார். ஆய்வுக்கூட விபத்தில் கையில் தீக்காயம் பட்டு, லாவெண்டர் எண்ணெயைப் பயன்படுத்தியவர் அவர். இன்று பேரங்காடியில் மணம் பரப்பும் கருவி விற்கும் கடைகள் எல்லாம் இந்தச் சொல்லின் நிழலில் நிற்கின்றன. அவற்றில் சொல்லப்படுவதை முழுதும் நம்பவும் வேண்டாம், முழுதும் தள்ளவும் வேண்டாம் என்பது என் கருத்து. ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். நமக்கு மிகவும் பழக்கமான கேள்வியையே எடுத்துக்கொள்வோம்.

மூக்கு திறக்கிறதா?

சளிபிடித்த மூக்கு ஏன் அடைக்கிறது? சளி தேங்கி அடைக்கிறது என்று நினைக்கிறோம். பெரும்பகுதிக் காரணம் அதுவல்ல. மூக்கின் உட்சுவரில் உள்ள இரத்தக் குழாய்கள் விரிந்து, திசு வீங்கி, காற்று போகும் வழி குறுகிவிடுகிறது. அதனால்தான் எவ்வளவு சீந்தினாலும் சில நேரம் அடைப்பு போகாது.

தைலத்தை முகர்ந்ததும் மூக்கு ‘சர்’ரென்று திறந்தது போல இருக்கிறது. வீக்கம் குறைந்துவிட்டதா? இதை அளந்து பார்க்க முடியும். மூக்கின் வழியே காற்று போகும்போது ஏற்படும் தடையை அளக்கும் கருவி இருக்கிறது. 1983-இல் ரோனால்ட் எக்கிள்ஸும் உடன் ஆய்வாளர்களும் கற்பூரம், யூகலிப்டஸ், மெந்தால் ஆகிய மூன்றின் ஆவியையும் தன்னார்வலர்களை முகரவைத்து, முன்னும் பின்னும் அளந்தார்கள். காற்றுக்கான தடையில் மாற்றம் இல்லை. ஆனால் பெரும்பாலோர் குளிர்ச்சியை உணர்ந்தார்கள். காற்று நன்றாகப் போகிறது என்றும் சொன்னார்கள்.

வழி அதே அளவுதான் குறுகியிருக்கிறது, ஆனால் திறந்ததாகத் தோன்றுகிறது. இந்தத் தோற்றம் எங்கிருந்து வருகிறது?

நம் தோலிலும் மூக்கின் உட்சுவரிலும் குளிரை உணரும் நரம்பு முனைகள் உள்ளன. அந்த முனைகளின் சவ்வில் டிஆர்பிஎம்8 என்ற ஒரு புரதம், சிறு கதவு போல அமைந்திருக்கிறது. வெப்பநிலை ஏறத்தாழ 25 டிகிரிக்குக் கீழே இறங்கினால் கதவு திறக்கும். மின்னேற்றம் கொண்ட அயனிகள் உள்ளே பாயும். ‘குளிர்’ என்ற செய்தி மூளைக்குப் போகும். மெந்தால் மூலக்கூறு வந்து ஒட்டினாலும் இதே கதவு திறந்துவிடும். சினியோலும் திறக்கும், மெந்தாலைவிடச் சற்று மென்மையாக. வெப்பநிலை மாறவே இல்லை. ஆனால் மூளைக்குக் குளிர் என்ற செய்தி போய்விட்டது. 2002-இல் டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் ஆகியோரின் இரு குழுக்கள் தனித்தனியே இந்தப் புரதத்தைக் கண்டறிந்தன. வெப்பத்தையும் தொடுதலையும் உடல் எப்படி உணர்கிறது என்று காட்டியதற்காக இருவருக்கும் 2021-ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு கிடைத்தது. மிளகாயின் காரம் ‘சூடு’ என்று உணரப்படுவதும் இதே வகைக் கதைதான், புரதம் மட்டும் வேறு.

மூக்குக்கும் இதற்கும் என்ன தொடர்பு? உள்ளே போகும் காற்று மூக்கின் ஈரச் சுவரைக் குளிர்விக்கிறது. நிறையக் காற்று போனால் நிறையக் குளிர்ச்சி. ஆகவே ‘காற்று போகிறதா’ என்பதை மூளை இந்தக் குளிர்ச்சியை வைத்தே பெரிதும் கணிக்கிறது. மூக்கின் உட்புறத்தை மருந்தால் மரத்துப்போகச் செய்தால், வழி திறந்திருந்தும் அடைத்தது போலத் தோன்றும். தைலம் இதற்கு நேர்மாறாக வேலை செய்கிறது.

இதைச் சொன்னதும் ‘அப்படியென்றால் தைலம் ஏமாற்று வேலைதானா’ என்று கேட்பார்கள். அப்படிச் சொல்ல மாட்டேன். சளியோடு படுத்திருப்பவருக்கு மூச்சு எளிதாக வருவது போலத் தோன்றி, நிம்மதியாகத் தூக்கம் வந்தால் அது ஒரு பயன்தான். சாதாரணச் சளி ஒரு வாரம், பத்து நாளில் தானே போகும். அதுவரை ஆறுதல் வேண்டும். ஆனால் ஆஸ்துமாவால் மூச்சிரைக்கும் பிள்ளைக்கு நெஞ்சில் தைலம் தேய்த்துவிட்டு ‘இப்போது பரவாயில்லையா?’ என்று கேட்டால், ‘ஆம்’ என்ற பதிலை நம்பக் கூடாது. அங்கே உணர்வும் உண்மையும் பிரிந்து நிற்கின்றன. இன்ஹேலரும் கிளினிக்கும்தான் தேவை. சிலருக்குக் கடும் மணமே இரைப்பைத் தூண்டிவிடுவதும் உண்டு.

குப்பிக்கும் குளிகைக்கும் உள்ள தூரம்

சினியோலுக்கு மருந்தாகப் பயன் இல்லை என்றும் சொல்ல முடியாது. 2003-இல் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள், ஸ்டீராய்டு மாத்திரையை நம்பியிருந்த 32 ஆஸ்துமா நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். ஒரு குழுவுக்குத் தூய சினியோல் 200 மில்லிகிராம் குளிகை, நாளுக்கு மூன்று முறை, 12 வாரங்கள். மற்றக் குழுவுக்குச் சினியோல் இல்லாத போலிக் குளிகை. சினியோல் எடுத்தவர்களால் ஸ்டீராய்டின் அளவைச் சராசரியாக 36 விழுக்காடு குறைக்க முடிந்தது. மற்றவர்களால் 7 விழுக்காடுதான். அழற்சியைத் தணிக்கும் தன்மை சினியோலுக்கு இருக்கிறது என்பதற்கு இது நல்ல சான்று. சிறிய ஆய்வுதான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்தச் செய்தி கைமாறிக் கைமாறி வரும்போது ‘யூகலிப்டஸ் ஆஸ்துமாவைக் குணப்படுத்தும், சுடுநீரில் சில சொட்டு விட்டுக் குடியுங்கள்’ என்று ஆகிவிடுகிறது. ஆய்வில் கொடுத்தது தூய்மைப்படுத்திய ஒரே வேதிப்பொருள், அளந்த அளவு, பெரியவர்களுக்கு, மருத்துவரின் கண்காணிப்பில். குப்பித் தைலத்தைக் குடிப்பது வேறு விஷயம். குடிக்கவே கூடாது.

கொசு விஷயத்திலும் இப்படி ஒரு குழப்பம் இருக்கிறது. டிங்கி பயம் நம்மைவிட்டுப் போகாததால் இதையும் சொல்லிவிடுகிறேன். எலுமிச்சை மணமுள்ள யூகலிப்டஸின் எண்ணெயை வேதிமுறையில் மாற்றி, பிஎம்டி என்ற பொருளைப் பெறுகிறார்கள். அது தரமான கொசுவிரட்டி. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பரிந்துரைக்கும் பட்டியலில் அது இருக்கிறது. மாற்றப்படாத எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெய்க்கு அந்தத் திறன் இல்லை, சாதாரண நீலகிரித் தைலத்துக்கும் இல்லை. மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பிஎம்டியையும் பூசக் கூடாது என்பது அதே மையத்தின் அறிவுரை.

சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில்

பொலிஸ்டிரீன் குவளை ஒன்றில் சில சொட்டு நீலகிரித் தைலம் விட்டுப் பாருங்கள். தட்டின் மேல் வைத்துச் செய்யுங்கள். குவளை அந்த இடத்தில் குழைந்து ஓட்டையாகிவிடும். நீரில் கரையாத பொலிஸ்டிரீன் தைலத்தில் கரைகிறது. ஒத்தது ஒத்ததைக் கரைக்கும் என்பது வேதியியலின் பழைய விதி. தைலம் கொழுப்பை விரும்பும் பொருள். தோலின் வெளிப்படலத்திலும் உயிரணுக்களின் சவ்விலும் இருப்பது கொழுப்பு. மூளையிலும் கொழுப்பு நிறைய. ஆகவே வயிற்றுக்குள் போன தைலம் இரத்தத்தில் கலந்து விரைவில் மூளையை எட்டிவிடும்.

மெல்பர்ன் நகரின் அரச குழந்தைகள் மருத்துவமனையில் 1981 முதல் 1992 வரை யூகலிப்டஸ் எண்ணெயை விழுங்கியதற்காக 109 பிள்ளைகள் சேர்க்கப்பட்டதாக, 1995-இல் வெளியான மருத்துவக் கட்டுரை ஒன்று பதிவு செய்கிறது. பெரும்பாலோர் தவழும் அல்லது நடக்கப் பழகும் வயது. ஆவிபிடிக்கும் கருவிக்காக வீட்டில் வைத்திருந்த எண்ணெய்தான் அவர்களில் மிகப் பலர் கைக்கு எட்டியது. சிலர் நினைவிழந்த நிலைக்குப் போனார்கள்.

ஏன் இவ்வளவு கடுமை? கணக்குப் போட்டுப் பார்ப்போம். முன்பு சொன்ன ஜெர்மன் ஆய்வில் ஒருவர் நாள் முழுக்க எடுத்தது 600 மில்லிகிராம். அவர் எடை 60 கிலோ என்றால், ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராம். ஒரு வயதுக் குழந்தையின் எடை 10 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலிட்டர் தைலத்தை அது குடித்துவிட்டது. எடை 4.6 கிராம், அதில் முக்கால் பங்கு சினியோல் என்றால் ஏறத்தாழ 3,450 மில்லிகிராம். கிலோவுக்கு 345 மில்லிகிராம். பெரியவரின் ஒரு நாள் அளவைப்போல 34 மடங்கு, ஒரே மிடறில்.

யூகலிப்டஸ் இலையையே உணவாகக் கொண்ட கோவாலா எப்படிப் பிழைக்கிறது? இந்தப் பொருள்களை வேகமாக மாற்றி வெளியேற்றும் நொதிகள் அதன் கல்லீரலில் மிகுதியாக உள்ளன. அப்படியிருந்தும் அது மோந்து பார்த்து, இலையைத் தேர்ந்தெடுத்துத்தான் தின்கிறது. நம் பிள்ளையின் கல்லீரல் கோவாலாவின் கல்லீரல் அல்ல.

விழுங்கினால் மட்டும்தானா ஆபத்து? கைக்குழந்தையின் மூக்குத் துளையிலோ மேலுதட்டிலோ தைலம் பூசும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. பாட்டி காலத்திலிருந்து செய்கிறோம் என்பார்கள். மெந்தால், கற்பூரம், சினியோல் போன்றவற்றின் கடும் ஆவி நேரே மூக்கில் பட்டால், மிகச் சிறிய குழந்தைகளுக்குக் குரல்வளை இறுகலாம், மூச்சு நின்று நின்று வரலாம். இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று பல தைலங்களின் உறையிலேயே எழுதியிருக்கும். எழுத்துதான் மிகச் சிறியது. பெரியவர்களிலும் வலிப்பு நோய் உள்ளவர்கள் கவனமாக இருக்க வேண்டும். யூகலிப்டஸ், கற்பூரம் கலந்த தைலங்களைப் பயன்படுத்திய பின் வலிப்பு வந்தவர்களைப் பற்றிப் பெங்களூரு நரம்பியல் மருத்துவர்கள் தொடர்ந்து எழுதி வருகிறார்கள்.

நாம் ‘தைலம்’ என்று பொதுவாகச் சொல்லும் குப்பிகளில் பல, கலவைகள். யூகலிப்டஸோடு மெந்தால், கற்பூரம், மெத்தில் சாலிசிலேட் எல்லாம் சேர்ந்திருக்கும். கடைசியாகச் சொன்னது ஆஸ்பிரினின் உறவு. தூய நிலையில் அதன் ஒரு தேக்கரண்டி, 300 மில்லிகிராம் ஆஸ்பிரின் மாத்திரைகள் இருபதுக்கும் மேல் விழுங்குவதற்குச் சமம். ஆகவே குப்பியின் உறையைப் படியுங்கள். உள்ளே என்னென்ன, எத்தனை விழுக்காடு என்று இருக்க வேண்டும். மருந்தாக விற்கப்படும் தைலத்தில் எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண்ணும் பாதுகாப்பு ஒட்டியும் இருக்கும். பசார் மாலாமில் உறையில்லாமல் விற்கும் குப்பியில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கும் தெரியாது. ‘100 விழுக்காடு இயற்கை’ என்ற வரி இவை எதற்கும் பதில் ஆகாது.

பெரியவர்கள் தோலில் பூசுவதானால், தேங்காய் எண்ணெய் போன்ற ஒன்றில் கலந்து பூசுங்கள். 30 மில்லிலிட்டர் தேங்காய் எண்ணெய்க்கு 12 சொட்டு தைலம் சேர்த்தால் ஏறத்தாழ 2 விழுக்காடு வரும். உடம்பு பிடித்துவிட அது போதும். கைக்குட்டையில் ஓரிரு சொட்டு விட்டு முகர்வது எளிய முறை. ஆவி பிடிப்பவர்கள் பாத்திரத்தை மேசைமேல் உறுதியாக வைத்து, பிள்ளைகளை விலக்கி வைத்துச் செய்யுங்கள். சளியைவிடக் கொதிநீர் கொட்டிப் பட்ட காயமே பெரிய துன்பம். தைலத்தை நேரடியாக அடுப்பில் சூடாக்காதீர்கள். அதன் ஆவி 50 டிகிரிக்குச் சற்றுக் குறைவான வெப்பத்திலேயே தீப்பற்றக் கூடியது. ஆஸ்திரேலியாவின் யூகலிப்டஸ் காடுகள் அப்படி எரிவதற்கு இந்த எண்ணெயும் ஒரு காரணம்.

பிள்ளை தைலத்தைக் குடித்துவிட்டால், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தியின்போது எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் அங்கே கடும் அழற்சியை உண்டாக்கும். தொண்டையில் விரல் விடுவது, உப்புநீர் கொடுப்பது எதுவும் வேண்டாம். பிள்ளை நன்றாகத்தானே விளையாடுகிறது என்று காத்திருக்கவும் வேண்டாம். தூக்கக் கலக்கம், தள்ளாட்டம், வலிப்பு போன்றவை அரை மணி நேரத்துக்குள்ளும் வரலாம், சில மணி நேரம் கழித்தும் வரலாம். உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். பிள்ளை மயங்கினாலோ வலிப்பு வந்தாலோ 999-ஐ அழையுங்கள். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையமும் தொலைபேசியில் வழிகாட்டும். புறப்படும்போது குப்பியை மறக்காமல் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் என்ன கலந்திருக்கிறது, எவ்வளவு மீதமிருக்கிறது என்பதைத்தான் மருத்துவர் முதலில் கேட்பார்.